நாகர்கோவில் ரயில் போய் நிற்கும் ஊரில் ஒரு பாலைவன நடை

நாகர்கோவில் ஜங்ஷனில் இருந்து வாரத்துக்கு ஒரு நாள் காந்திதாமுக்கு ஒரு ரயில் கிளம்புகிறது. நம்ம ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அது திருவனந்தபுரமோ எர்ணாகுளமோ போகக் கிடைக்கிற இன்னொரு வண்டி. இறங்காமல் கடைசி வரை உட்கார்ந்திருந்தால் கேரளம் முழுக்கத் தாண்டி, கொங்கண் சுரங்கங்களுக்குள் புகுந்து வந்து, சூரத், அகமதாபாத் எல்லாம் கடந்து, இரண்டு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு குஜராத்தில் கட்ச் வாசலில் இறக்கிவிடும். கட்ச் பரப்பளவில் இந்தியாவிலேயே பெரிய மாவட்டம், 45,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம்ம குமரி 1,700 சதுர கிலோமீட்டர்கூட கிடையாது. கட்ச்சின் வடக்குப் பக்கம் முழுக்க ரண் என்கிற உப்புப் பாலைவனம். எங்கள் நடைக் கூட்டம் போன குளிர்காலத்தில் அங்கே போய் நடந்துவிட்டு வந்தது. வந்ததில் இருந்து பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: கட்ச் போங்கள், நடந்து பாருங்கள், போகிற ஊரில் எல்லாம் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று கேட்டுக் கேட்டு நடங்கள்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்குத்துறையில் இருந்து சொத்தவிளை வரை கடற்கரை மணலில் நடக்கிறவர்கள். அவ்வப்போது மருந்துவாழ்மலை ஏறுவோம். கூட்டத்தில் பல மாதிரி ஆட்கள் உண்டு. புத்தளம் உப்பளத்தில் ரொம்ப வருஷம் வேலை பார்த்த அண்ணாச்சி, ஓய்வுபெற்ற டீச்சர் அக்கா, வள்ளவிளையில் இருந்து ஒரு அண்ணன், மார்த்தாண்டத்துப் புருஷன் பெண்டாட்டி, கல்லூரியில் படிக்கிற இரண்டு பிள்ளைகள், அப்புறம் நான். வள்ளவிளை அண்ணன் ஆழ்கடல் மீன்பிடிக்கு குஜராத் வரைக்கும் விசைப்படகில் போனவர், அந்தக் கரையைக் கடலில் இருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறார். கரையில் இறங்கி உள்ளே நடக்கவேண்டும் என்பது அவருக்குப் பல வருஷத்து ஆசை. இந்தப் பயணத்துக்கு முதலில் பேச்செடுத்தவரும் அவர்தான்.

கட்ச் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் குளிர்காலத் திருவிழா சமயத்தில் கூடார நகரத்தில் தங்கி, வெள்ளை ரண்ணுக்கு வண்டியில் போய், சூரியன் மறைவதைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நடக்கத் தெம்பு இருக்கிறவர்கள் அப்படிப் போனால் கட்ச்சில் பார்க்கவேண்டியதில் பாதிக்கு மேல் கண்ணில் படாது. நாங்கள் ஊர்களுக்கு நடுவே தூரம் அதிகமாக இருக்கிற இடத்தில் ஜீப் வைத்துக்கொண்டோம், மற்ற இடங்களில் மூட்டையை ஜீப்பில் போட்டுவிட்டுக் கையில் தண்ணீர்க் குப்பியோடு நடந்தோம். காலை 6 மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் நல்ல தூரம் போய்விடலாம். வரிசையில் மெதுவாக நடக்கிறவர்தான் முதலில் போகவேண்டும், அவர் வேகம்தான் எல்லாருடைய வேகமும். இது கடற்கரையில் நாங்கள் பழகிய முறை, அங்கேயும் அதையே வைத்துக்கொண்டோம்.

காந்திதாமில் இருந்து புஜ் போகும் வழியில் அஞ்சார். 2001 ஜனவரி 26 காலையில் நிலநடுக்கம் வந்தபோது அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடியரசு தின ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். குறுகலான தெருவில் இரண்டு பக்கத்துக் கட்டிடங்களும் அவர்கள்மேல் விழுந்தன. 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் இறந்துபோனார்கள். அவர்களுக்கு அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. டீச்சர் அக்கா 30 வருஷத்துக்கு மேல் பிள்ளைகளை இந்த மாதிரி ஊர்வலங்களுக்கு வரிசையாக நிறுத்திக் கூட்டிப்போனவர். அங்கே நின்றுவிட்டு வந்த பிறகு புஜ் வரைக்கும் ஜீப்பில் யாரோடும் பேசவில்லை.

புஜ்ஜில் புஜியோ குன்றின்மேல் நிலநடுக்கத்தில் இறந்தவர்களுக்காக ஸ்மிருதிவன் என்று ஒரு நினைவுக் காடு வளர்த்திருக்கிறார்கள், 2022இல் திறந்தது. அங்கே அருங்காட்சியகமும் உண்டு, நான் சொல்ல வருவது குன்றுச் சரிவில் வரிசையாகக் கட்டியிருக்கும் சின்னச் சின்னத் தடுப்பணைகளைப் பற்றி. மழைத்தண்ணீர் ஓடி வீணாகாமல் நிற்பதற்குக் கட்டியவை. அந்த அணைகளின் சுவர்களில்தான் இறந்தவர்களின் பெயர்களைப் பதித்திருக்கிறார்கள், 12,000க்கு மேல். செத்தவர்களின் பெயருக்குக் கீழே தண்ணீர் தேங்குகிறது, அந்தத் தண்ணீரில் மரம் வளர்கிறது. 2004 சுனாமியில் கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மேலமணக்குடியிலும் நாம் இழந்தவர்களுக்கும் நினைவிடங்கள் இருக்கின்றன, வருஷா வருஷம் டிசம்பர் 26 அன்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். ஆனால் உயிரோடு இருப்பவர்களுக்குத் தினமும் பயன்படுகிற ஒன்றாக ஒரு நினைவிடத்தைக் கட்டலாம் என்று புஜ்ஜில்தான் எனக்குத் தோன்றியது. வள்ளவிளை அண்ணன் குஜராத்தி எழுத்து தெரியாமலே அந்தப் பெயர்களின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார்.

புஜ் பழைய நகரத்தில் ஆயினா மகால் என்ற கண்ணாடி அரண்மனை. 18ஆம் நூற்றாண்டில் லக்பத்ஜி என்ற மன்னருக்காக ராம்சிங் மாலம் என்ற கைவினைஞர் கட்டியது. இந்த ராம்சிங்கின் கதையைக் கேட்டதும் எங்கள் எல்லாருக்கும் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை நினைவுக்கு வந்தது. கடலில் கப்பல் உடைந்து தத்தளித்த ராம்சிங்கை டச்சுக்காரர்களின் கப்பல் காப்பாற்றி ஹாலந்துக்குக் கொண்டுபோக, அவர் அங்கே கண்ணாடி வேலை, ஓடு வேலை, எனாமல் வேலை எல்லாம் கற்றுக்கொண்டு கட்ச்சுக்குத் திரும்பி வந்தார். ஏறக்குறைய அதே காலத்தில், 1741இல், குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டவர் டச்சுக் கம்பெனிப் படையின் டிலனாய். அவர் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து, உதயகிரியிலேயே இருந்து, 1777இல் இறந்து அங்கேயே அடக்கமானார். ரயிலின் இந்த முனையில் டச்சுக் கம்பெனி ஆள் ஒருவர் வந்து தங்கிவிட்டார், அந்த முனையில் இருந்து ஒருவர் டச்சு நாட்டுக்குப் போய்த் தொழிலோடு வந்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துவைத்தது அரபிக்கடல். நம்ம பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு கதையையும் ஒன்றாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று டீச்சர் அக்கா சொன்னார்.

புஜ்ஜில் இருந்து புஜோடி வழியாக அஜ்ரக்பூருக்கு நடந்தோம். புஜோடி நெசவாளர்களின் ஊர், குழித்தறியில் கம்பளிச் சால்வை நெய்கிறார்கள், பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம். அஜ்ரக்பூரில்தான் கால் ஊன்றிவிட்டது.

அஜ்ரக் என்பது துணியில் அச்சுக்கட்டையால் பதிக்கிற வேலை. 16ஆம் நூற்றாண்டில் ராவ் பாரமல் என்ற மன்னர் சிந்துவில் இருந்து அழைத்துவந்து குடியமர்த்திய கத்ரி சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். நாங்கள் போன பட்டறையில் நீள மேசையில் துணி விரித்திருந்தது, வெளிர் மஞ்சள் நிறம், கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைத்ததால் வந்த மஞ்சள். பக்கத்தில் ஒரு தட்டில் கறுப்பு மசி. துருப்பிடித்த பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவைத்து, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் கெட்டியாக்கியது. அச்சடிப்பவர் கட்டையை மசியில் ஒற்றி, துணியில் வைத்து, மணிக்கட்டின் கீழ்ப்பகுதியால் ஓங்கி ஒரு தட்டு தட்டுகிறார். எடுக்கிறார், பக்கத்தில் வைக்கிறார், தட்டுகிறார். அளவுகோல் கிடையாது, பென்சில் கோடு கிடையாது, கட்டையின் ஓரத்தில் இருக்கும் சின்னப் புள்ளி ஒன்று முந்தின அச்சின் புள்ளியில் சரியாகப் போய் உட்காருகிறது. மசி துணியில் பட்டதும் கடுக்காயோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கிறது. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரத்தைத்தான் அச்சடிக்கிறார்கள். பிறகு துணியை மஞ்சிட்டி வேரோடு கொதிக்கவைக்கும்போது படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். வெள்ளையாக நிற்கவேண்டிய இடத்துக்குச் சுண்ணாம்பும் பிசினும், நீலத்துக்கு அவுரித் தொட்டி. இப்படி ஒரு துணி முடிய 14, 16 கட்டம்கூட ஆகும், நடுவில் திரும்பத் திரும்ப அலசல்.

இந்த ஊரே தண்ணீரால் பிறந்த ஊர். கத்ரிகள் முதலில் இருந்தது தமட்கா என்ற ஊரில். 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே தண்ணீரில் இரும்புச் சத்து கூடிவிட்டது. கறுப்புக்கு இரும்புதான் வேண்டும், ஆனால் அலசுகிற தண்ணீரிலேயே இரும்பு இருந்தால் சிவப்பு மங்கிப்போகும், நிறங்கள் எல்லாம் கெட்டுவிடும். அதனால் இஸ்மாயில் முகமது கத்ரி உள்ளிட்ட பெரியவர்கள் முன்னின்று, நல்ல தண்ணீர் இருக்கும் இடம் தேடி, புஜ்ஜுக்குக் கிழக்கே புது ஊர் அமைத்தார்கள். தொழிலின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். 2024இல் கட்ச் அஜ்ரக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது அங்கேயும் நிலத்தடி நீர் இறங்குகிறது என்கிற கவலை அவர்களுக்கு உண்டு, அலசிய தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தப் பாடுபடுகிறார்கள். கடுக்காய், வெல்லம், புளியங்கொட்டை, ஆமணக்கெண்ணெய், சுண்ணாம்பு என்று நமக்குத் தெரிந்த சாமான்களைக் கொண்டு இவ்வளவு பெரிய அறிவை உண்டாக்கி, அதைக் காப்பாற்ற ஊரையே பெயர்த்துக்கொண்டு போன மனிதர்களிடம் 200 ரூபாய் குறையுங்கள் என்று பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை. மார்த்தாண்டத்து அக்கா சொன்ன விலைக்கே இரண்டு துப்பட்டா எடுத்தார்.

அடுத்து பன்னி. 2,500 சதுர கிலோமீட்டர் இருக்கும், ஆசியாவின் பெரிய புல்வெளிகளில் ஒன்று, ரண்ணுக்குத் தெற்கே உப்பு மண்ணில் கிடக்கிறது. அங்கே ஹோட்கோ என்ற ஊரில் பூங்காக்களில் தங்கினோம். பூங்கா என்றால் நம்ம ஊர்ப் பூங்கா இல்லை, அவர்களின் வட்ட வீடு, மண் சுவர், கூம்புக் கூரை, உள்சுவரில் மண்ணும் சாணமும் குழைத்துக் கோலம் மாதிரி புடைப்பாக வரைந்து நடுநடுவே கண்ணாடிச் சில்லுகள் பதித்த வேலைப்பாடு. வட்டமாக இருப்பதால் நிலநடுக்கம் எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும், 2001இல் காங்கிரீட் கட்டிடங்கள் விழுந்தபோது ஒழுங்காகக் கட்டிய பூங்காக்கள் நிறைய நின்றிருக்கின்றன. ராத்திரி குளிர் நமக்குப் பழக்கமே இல்லாத குளிர். காலையில் எல்லாருடைய தேங்காய் எண்ணெய்க் குப்பியும் உறைந்து வெள்ளையாக இருந்தது, வெயிலில் வரிசையாக வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்த்தோம். கம்பு ரொட்டி, வெண்ணெய், கத்தரிக்காய் சுட்டுப் பிசைந்தது, பூண்டுச் சட்னி, மோர். சாயாவை ரகாபி என்கிற சின்னத் தட்டில் ஊற்றிக் குடிக்கிறார்கள், எருமைப்பாலில் போட்ட சாயா, கெட்டியாக இருக்கும்.

அந்த எருமைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பன்னி எருமை தனி இனம், 2010இல் அங்கீகாரம் கிடைத்தது. பகல் வெயிலுக்குப் பயந்து ராத்திரியில்தான் மேயும். மேய்ப்பவன் கூடப் போகாமலே கூட்டமாகப் போய், விடிகிற நேரத்தில் கறவைக்குத் தானாக வீடு திரும்பிவிடும். நாங்கள் 5 மணிக்கு எழுந்து வெளியே வந்தால் இருட்டில் மணிச்சத்தம் மட்டும் நெருங்கி வருகிறது. அந்த மணிகள் நிரோணா, ஜூரா ஊர்களில் செய்கிறவை. இரும்புத் தகட்டை வளைத்து, பற்றவைக்காமல் ஒன்றோடு ஒன்று கவ்வவிட்டு, மேலே செம்புப் பூச்சு ஏற்றிச் சூளையில் சுடுகிறார்கள், நாக்கு மரத்தில். நிரோணாவில் லோகார் என்கிற கொல்லர் சமூகத்துப் பெரியவர் ஒருவர் மணியைக் காதோரம் வைத்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் விளிம்பில் ஒரு தட்டு, கேட்பது, இன்னொரு தட்டு, கேட்பது என்று சுருதி சேர்த்ததைக் கிட்டே உட்கார்ந்து பார்த்தோம். மந்தை எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே மேய்ப்பர் சொல்லிவிடுவார்.

எங்களைக் கூட்டிப்போன பாய் பன்னியின் மால்தாரி, அதாவது கால்நடை வளர்க்கும் சமூகத்தவர், இளவயசுக்காரர். இந்தி பேசுவார், டீச்சர் அக்கா எங்களுக்குத் தமிழில் சொல்வார். பாய் காட்டியதுதான் விர்தா என்கிற ஊற்றுக்குழி. பன்னியில் நிலத்தடி நீர் முழுக்க உப்பு. எங்கே தோண்டினாலும் கரிக்கும். ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி வற்றுகிற தாழ்வான இடங்களில், வற்றிய பிறகு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு குழி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மண்ணுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் கனம் குறைவு, உப்புத் தண்ணீர் கனம் அதிகம், அதனால் நல்ல தண்ணீர் மேலே மிதந்து நிற்கிறது. குழிச் சுவர் சரியாமல் இருக்கக் கட்டைகளை அடுக்கி, இடையில் புல்லை அடைத்து வைக்கிறார்கள். அளவோடுதான் இறைப்பார்கள். இறைக்க இறைக்கக் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும், நாக்கில் கரிப்பு தட்டியதும் அந்தக் குழியை விட்டுவிட்டுப் பக்கத்தில் அடுத்ததைத் தோண்டுவார்கள். ஒரு தாழ்விலேயே இப்படிப் பல குழிகள்.

வள்ளவிளை அண்ணனுக்கு இதை யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. குழாய் வருவதற்கு முன்னால் கடற்கரை ஊர்களில் மணலில் ஊற்று தோண்டித்தான் குடிதண்ணீர் எடுத்தார்கள், அலை அடிக்கிற இடத்தில் இருந்து கொஞ்சம் தள்ளித் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும், ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். "எங்கம்மா சொல்லும், ஊத்துத் தண்ணியப் பதனமா கோரணும்னு" என்றார். டீச்சர் அக்கா அதை இந்தியில் சொன்னதும் பாய் எழுந்து வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர்கள் இருவரும் பாஷை இல்லாமலே சேர்ந்து நடந்தார்கள். குழியில் இறங்கிக் கோரிக் கொடுத்த தண்ணீரை எல்லாரும் குடித்தோம். துளி உப்பு இல்லை.

பன்னி நெடுக சீமைக்கருவேலம். 1960களில் ரண்ணின் உப்பு முன்னேறாமல் தடுக்க வனத்துறை விதைத்தது, இப்போது புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. அங்கே காண்டோ பாவல் என்கிறார்கள். அதை வெட்டிக் கரி சுட்டு விற்றுப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள், அது அழித்த புல்லுக்காக அழுபவர்களும் இருக்கிறார்கள். நம்ம தென்மாவட்டத்துக் கண்மாய்களில் நடந்த அதே கதை.

சரி, வெள்ளை ரண். பிரண்டியாராவில் அடையாள அட்டை காட்டி அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும், எல்லைப் பகுதி என்பதால். சிறிய ரண்ணையும் சேர்த்தால் ரண் 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த நிலம். ஒரு காலத்தில் அரபிக்கடலின் ஒரு கையாக இருந்து வண்டல் படிந்து மேடானது. தென்மேற்குப் பருவக்காற்று கடல்நீரை உள்ளே தள்ள, மழையும் ஆறுகளும் சேர, ஜூலையில் இருந்து முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். அக்டோபருக்குப் பிறகு வற்ற ஆரம்பித்து, டிசம்பர் ஜனவரியில் உப்பு மட்டும் மிஞ்சும்.

விடிகாலையில் நடந்தோம், ஒற்றை வரிசையில், பாய் முன்னே. அன்றைக்கு அவர் சொல்படிதான், அவர் மிதித்த இடத்தில்தான் மிதிக்கவேண்டும். உப்பு ஓடு மேலே உறுதியாகத் தெரியும், கீழே சில இடங்களில் கறுஞ்சேறு. ஓட்டில் ஆறு மூலை, ஐந்து மூலைக் கட்டங்களாக வெடிப்பு விழுந்து, விளிம்புகளில் உப்பு நுரைத்துத் தடித்திருக்கிறது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு விளிம்பிலும் ஊசி ஊசியாகப் படிகங்கள், விரலால் தொட்டால் நொறுங்கி ஈரமாகிறது. கொஞ்ச நேரம் நடந்ததும் எல்லாத் திசையும் வெள்ளை, அடிவானக் கோடே இல்லை, முன்னால் போகிறவரின் துவர்த்துத் துண்டுத் தலைக்கட்டு ஒன்றுதான் தூரத்துக்குக் கணக்கு. காலடியில் நொறுங்குகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

புத்தளம் அண்ணாச்சி நின்றுவிட்டார். வாழ்நாள் முழுக்கப் பாத்தி கட்டி, கடல்தண்ணீர் ஏற்றி, வெயிலுக்குக் காத்திருந்து, வாரிக் குவித்தவர். ஒரு துண்டு உப்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "கசக்குது" என்றார். அளத்தில் உப்பு விளைந்ததும் மிச்சமிருக்கும் கசப்புத் தண்ணீரை வடித்துவிடுவார்கள், இங்கே வடிக்க யாரும் இல்லை, கடலில் இருந்த அத்தனையும் அப்படியே கிடக்கிறது. பிறகு சுற்றிலும் பார்த்து, "இத யாரு மக்கா வாருவா" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. உப்பளத்தில் வேலை செய்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனது எங்கள் எல்லாருக்கும் கிடைத்த பாக்கியம். நாங்கள் பார்த்தது அழகான காட்சி, அவர் பார்த்தது தன்னுடைய உழைப்பு அளவிட முடியாமல் விரிந்து கிடப்பதை.

காலா டூங்கர், 462 மீட்டர், கட்ச்சின் உயரமான இடம். ஏறினால் ரண் முழுக்கத் தெரியும். மேலே தத்தாத்ரேயர் கோயிலில் நரிகளுக்குச் சோறு வைக்கும் வழக்கம் உண்டு. ஏறி இறங்கினோம், பிள்ளைகளுக்குப் பிடித்தது.

அங்கிருந்து தோலாவீரா. காவ்டாவில் இருந்து ரண்ணுக்குக் குறுக்கே போட்ட சாலையில் ஜீப்பில் போனோம், இரண்டு பக்கமும் மிச்சத் தண்ணீரில் பூநாரைக் கூட்டம். நம்ம புத்தளம் அளத்துக்கு வருகிற அதே பறவைகள், இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும். தோலாவீரா இருப்பது ரண்ணுக்கு நடுவே காதிர் என்ற தீவில். கி.மு. 3000 வாக்கில் தொடங்கி 1,500 ஆண்டுகள் இருந்த சிந்துவெளி நகரம். 1960களின் கடைசியில் கண்டுபிடித்து, 1990 முதல் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் தோண்டினார்கள், 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வடக்கு வாசல் பக்கம் கிடைத்த பலகையில் வெள்ளைக் கல்லில் 10 எழுத்துகள், மரப்பலகை மக்கிப்போய் எழுத்து மட்டும் மண்ணில் படிந்து கிடந்திருக்கிறது. இன்னும் யாராலும் படிக்க முடியவில்லை.

எழுத்தைவிட என்னைப் பிடித்துக்கொண்டது குளங்கள்தான். மானசர், மன்ஹர் என்று இரண்டு ஓடைகள், மழை பெய்தால் மட்டும் ஓடும். அவற்றில் தடுப்பணை கட்டி, தண்ணீரைத் திருப்பி, நகரத்தைச் சுற்றிப் பாறையைக் குடைந்தும் கல் அடுக்கியும் கட்டிய நீர்த்தேக்கங்களில் நிரப்பியிருக்கிறார்கள். கோட்டைக்குள் விழுந்த மழையைக்கூட வடிகால் வழியாகச் சேகரித்திருக்கிறார்கள். கிழக்குத் தேக்கத்தில் இறங்கப் படிக்கட்டு இருக்கிறது, ஆழம் 10 மீட்டருக்கு மேல். தண்ணீர் குறையக் குறையக் கூடப் படி இறங்கிக் கோரியிருப்பார்கள். கட்ச்சில் வருஷத்துக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் மழை, அதுவும் சில நாளில் கொட்டித் தீர்ந்துவிடும், சில வருஷம் வராது. அந்த மழையை நம்பி ஒரு நகரம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்றிருக்கிறது.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஏலாவுக்கு ஏலா, அதாவது வயல்பரப்புக்கு வயல்பரப்பு, குளம், ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளம் என்று வெட்டிவைத்துப் போனார்கள் நம் முன்னோர்கள். அதில் எத்தனை குளத்தை நாம் மண் போட்டு நிரப்பிவிட்டோம், எத்தனை ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. தோலாவீராவின் காய்ந்த தேக்கத்தின் படியில் உட்கார்ந்து நாங்கள் பேசியது முழுக்க நம்ம ஊர்க் குளங்களைப் பற்றித்தான். ஊர் திரும்பியதும் எங்கள் கூட்டத்தின் ஞாயிறு நடையில் மாதத்துக்கு ஒன்று குளக்கரைகளில் என்று மாற்றியிருக்கிறோம். தேரூர் குளத்தைச் சுற்றி முதல் நடை நடந்தாகிவிட்டது. மடை எங்கே, மறுகால் எங்கே, எது அடைபட்டிருக்கிறது என்று பிள்ளைகள் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் நடுவில் இருந்து பிப்ரவரி வரை சரியான காலம், அதற்கு முன்னால் ரண்ணில் ஈரம் காய்ந்திருக்காது. ரயில் வாரத்துக்கு ஒன்றுதான், முன்பதிவு திறந்ததும் போட்டுவிடுங்கள். கணுக்கால் மூடும் ஷூ, கறுப்புக் கண்ணாடி, ராத்திரிக்கு நல்ல ஸ்வெட்டர், தலைக்கு ஒரு துவர்த்து. வழித்துணைக்கு உள்ளூர்க்காரரை வைத்துக்கொள்ளுங்கள், அவர் கேட்கிற கூலியைக் கொடுங்கள். ரண்ணில் அவர் இல்லாமல் ஒரு அடி எடுத்துவைக்காதீர்கள்.

எங்கள் அடுத்த திட்டம் லக்பத். கட்ச்சின் மேற்கு மூலையில் இருந்த துறைமுக ஊர், 7 கிலோமீட்டர் கோட்டைச் சுவர், 1801இல் ஃபதே முகமது என்ற படைத்தலைவர் கட்டியது. 1819 நிலநடுக்கத்தில் ரண்ணுக்குள் ஒரு நீளமான மேடு எழும்பி, சிந்து நதியின் கிளை அந்தப் பக்கம் வராமல் போக, வியாபாரம் நின்று ஊர் காலியானது. கோட்டைக்குள் ஒரு குருத்வாரா இருக்கிறது, வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறார்கள், குரு நானக் தங்கிய இடம் என்று சொல்கிறார்கள். அந்தச் சுவரை முழுக்கச் சுற்றி நடக்கவேண்டும் என்று வள்ளவிளை அண்ணன் இப்போதே பிடிவாதமாக இருக்கிறார். புத்தளம் அண்ணாச்சியும் வருகிறேன் என்றிருக்கிறார்.